பெட்டிக்குள் அஞ்சு ஓட்டை!

தாங்கல் என்றால் சின்ன ஏரி. மழைத் தண்ணீரைத் தாங்கிப் பிடித்து வயலுக்கு விடுகிற ஏற்பாடு. ஈக்காட்டுத்தாங்கலுக்கு இன்று யாரும் ஏரியைப் பார்க்க வருவதில்லை. நூறடி ரோடு, தலைக்கு மேலே மெட்ரோ ரயில், கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள்... இதற்கெல்லாம் நடுவே உற்றுக் கேட்டால் இன்னொரு சத்தமும் வரும். லேத் பட்டறைச் சத்தம்!

1958-ல் பக்கத்திலேயே கிண்டி தொழிற்பேட்டை வந்தது. நாட்டின் முதல் தொழிற்பேட்டைகளில் ஒன்று. அதைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளுக்கு ஒரு தர்மம் உண்டு. மெஷின் நின்றுபோனால் மெஷினை மாற்றாதே. தேய்ந்த பாகத்தைக் கழற்று, அதை மட்டும் மாற்று. தாத்தா காலத்து லேத் பேரன் காலத்திலும் ஓடுவது இப்படித்தான்.

இப்போது அதே ஏரியாவில் ஏதாவது ஒரு வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள்.

"அப்பா, புது கேம் ஓட மாட்டேங்குதுப்பா. வேற கம்ப்யூட்டர் வாங்கிடலாம்ப்பா."

"வாங்கி ஏழு வருஷம்தானேடா ஆச்சு? எந்த பார்ட் போச்சு?"

"எதுவும் போகலப்பா. பழசாயிடுச்சு."

எதுவும் போகவில்லை, ஆனாலும் பழசாகிவிட்டது! பட்டறைக்காரருக்கு இது புரியவே புரியாது. அவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: "சரி, எதை மாத்தினா ஓடும்?" ரொம்ப நியாயமான கேள்வி. டி.வி.யிடம் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. செல்போனிடம் கேட்டால் அது சிரிக்கும். மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டி மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்லும். ஏன் அது மட்டும்? அங்கேதான் கதை இருக்கிறது.

1981 ஆகஸ்ட் 12, நியூயார்க். ஐ.பி.எம். தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியது. ஆரம்ப விலை 1,565 டாலர். நினைவகம் 16 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வருகிற 'குட்மார்னிங்' ரோஜாப் பூவுக்குக்கூட அது பத்தாது!

அதைச் செய்தவர்கள் ஃப்ளோரிடா மாநிலத்தில் போகா ரேட்டன் என்ற ஊரில் இருந்த ஒரு சின்ன குழு. தலைவர் டான் எஸ்ட்ரிட்ஜ். அவகாசம் ஏறக்குறைய ஒரு வருஷம்தான். திருகாணி முதற்கொண்டு சொந்தமாகச் செய்வது ஐ.பி.எம்.மின் பரம்பரை வழக்கம். அதற்கெல்லாம் நேரமில்லை. வெளியில் கிடைத்ததை வாங்கிப் போட்டார்கள். சிப் இன்டெல்லிடம் இருந்து, சாஃப்ட்வேர் மைக்ரோசாஃப்ட்டிடம் இருந்து. பெட்டிக்குள் ஐந்து நீளமான ஓட்டைகளையும் விட்டார்கள். ஸ்லாட்! பின்னால் யாராவது ஏதாவது கார்டு செய்தால் அதில் செருகிக்கொள்ளலாம். அதோடு நிற்காமல், உள்ளே எந்த ஒயர் எங்கே போகிறது என்ற வரைபடத்தை ஒரு புத்தகமாகப் போட்டு விற்றார்கள்.

இந்த ஓட்டை யோசனை ஐ.பி.எம்.முக்குச் சொந்தமானது அல்ல. நாலு வருஷம் முன்பே, 1977-ல் ஆப்பிள்-2 கம்ப்யூட்டரில் எட்டு ஸ்லாட் இருந்தது. இரண்டு போதுமே என்று ஸ்டீவ் ஜாப்ஸ் சொல்ல, எட்டு இல்லாவிட்டால் வேறு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள் என்று ஸ்டீவ் வாஸ்னியாக் மல்லுக்கு நின்றது கம்ப்யூட்டர் உலகத்தின் பிரபலமான சண்டைகளில் ஒன்று.

ஐ.பி.எம். எல்லாவற்றையும் திறந்துவைத்தாலும் ஒரே ஒரு பூட்டு போட்டிருந்தது. 'பயாஸ்' என்ற சின்ன நிரல். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிற சமாசாரம். அதைக் காப்பியடித்தால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள். காம்பேக் என்ற புது கம்பெனி தந்திரம் செய்தது. ஒரு குழு ஐ.பி.எம்.மின் பயாஸைப் படித்து, அது என்னென்ன வேலை செய்கிறது என்று மட்டும் குறிப்பு எழுதியது. இன்னொரு குழு, அசலைக் கண்ணாலேயே பார்க்காதவர்கள், குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக ஒன்றை எழுதினார்கள். காப்பி இல்லை, ஆனால் அதே வேலை! 1982 நவம்பரில் காம்பேக்கின் முதல் கம்ப்யூட்டர் அறிவிக்கப்பட்டது. பிறகு தைவான், கொரியா என்று ஆளாளுக்குச் செய்யத் தொடங்கினார்கள். ஒருவர் செய்த கார்டு இன்னொருவர் செய்த பெட்டியில் உட்கார்ந்தது.

நம் ஊருக்கு அது வந்து சேர்ந்த கதை தனி. ஐ.பி.எம். 1978-லேயே இந்தியாவிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. கம்ப்யூட்டர் இறக்குமதி என்றால் லைசென்ஸ், வரி, காத்திருப்பு. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்த பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்தது. அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து சிவசங்கரனின் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் 'சிவா பி.சி.' என்ற பெயரில் போட்டியாளர்களைவிட ரொம்பக் குறைந்த விலையில் கம்ப்யூட்டர் விற்று, பெரிய கம்பெனிகளை அசரவைத்தது. அப்போதும் அது ஆபீஸ் சாமான்தான். நடுத்தரக் குடும்பம் வேடிக்கைதான் பார்க்கலாம்.

நிஜமான திருப்பம் சிங்கப்பூரில் நடந்தது. 1996 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பின் மாநாடு. கம்ப்யூட்டர், சிப், உதிரி பாகங்களுக்கு இறக்குமதி வரியைப் படிப்படியாகப் பூஜ்ஜியமாக்குவோம் என்று பல நாடுகள் ஒப்புக்கொண்டன. 1997 மார்ச்சில் இந்தியாவும் சேர்ந்தது. 2005-க்குள் பட்டியலில் இருந்த பொருட்களுக்கெல்லாம் வரி போயே போச்சு. இந்தியத் தொழிற்சாலைகளுக்கு அதில் நஷ்டம் என்று இன்றைக்கும் வாதம் உண்டு. ஆனால் அண்ணா சாலைக்குப் பின்னால் இருந்த ஒரு குறுகலான தெருவுக்கு அது பொற்காலம்.

ரிச்சி தெரு! பக்கத்திலேயே நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு. ரேடியோ, டேப் ரெக்கார்டர் உதிரி பாகங்கள் விற்ற இடம். டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்தபடி நாட்டின் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் சந்தை என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்தது. 'அசெம்பிள்டு' என்ற வார்த்தை சென்னைத் தமிழில் சேர்ந்தது இங்கேதான். போர்டு ஒரு கடையில், ராம் எதிர்க்கடையில், கேபினெட் மாடியில். ஒரு துண்டுச் சீட்டில் கொட்டேஷன். பில் போட்டால் ஒரு ரேட், போடாவிட்டால் ஒரு ரேட். கம்பெனி கம்ப்யூட்டருக்கு ஆகிற செலவில் பாதிக்குப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது.

ஆனால் வாங்கியது 'பையன் படிப்புக்கு'. பையன் செய்தது வேறு!

கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் பழைய கம்ப்யூட்டரே தாராளமாகப் போதும். மனிதனை மறுபடி மறுபடி கடைக்கு ஓடவைத்தது கேம். 1989-ல் சிங்கப்பூரில் சிம் வாங் ஹூவின் க்ரியேட்டிவ் கம்பெனி 'சவுண்ட் பிளாஸ்டர்' கார்டைக் கொண்டுவந்தது. அதுவரை 'பீப்' என்று மட்டும் கத்திய பெட்டி, அதைச் செருகியதும் பாடியது. 1993 டிசம்பர் 10 அன்று 'டூம்' வந்தது. நாலு மெகாபைட் ராம் இல்லாதவன் ராம் தேடி ஓடினான். 1996-ல் 'க்வேக்' வந்தது. அது தசமப் புள்ளிக் கணக்கை அசுர வேகத்தில் போடச் சொன்னது. 486 சிப் திணறியது, பென்டியம் ஓடியது. ஊரெல்லாம் போர்டு மாற்றினார்கள். அதே வருஷம் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் 'வூடூ' கார்டு. முப்பரிமாணப் படம் வரைவதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. பழைய கார்டைக் கழற்றக்கூட வேண்டாம், அதன் பக்கத்தில் இதையும் செருகி ஒரு ஒயரால் இணைத்தால் போதும். நேற்றைய பெட்டி இன்றைய பெட்டியாகிவிட்டது.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனித்தீர்களா? ஒவ்வொரு தடவையும் அடைபட்ட இடம் வேறு வேறு. ஒரு காலத்தில் ராம், ஒரு காலத்தில் சிப், ஒரு காலத்தில் கிராஃபிக்ஸ் கார்டு. தண்ணி லாரி நினைவுக்கு வருகிறதா? லாரி நிறையத் தண்ணீர் இருக்கும். டியூப் விரல் தடிமன் என்றால் குடம் நிறைய அரை மணி ஆகும். இன்னொரு லாரி கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை, டியூபைத்தான் மாற்ற வேண்டும். பழைய கம்ப்யூட்டரை கேமுக்குத் தயார் செய்கிற வித்தை முழுக்க இவ்வளவுதான். டியூப் எது என்று கண்டுபிடிப்பது!

2005-ஐ எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் ரூபாய்க்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று அன்றைய மத்திய அமைச்சர் தயாநிதி மாறன் பேசிவந்தார். ஹெச்.சி.எல். 9,990 ரூபாய்க்கு ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தது. ஒரு கிகாஹெர்ட்ஸ் சிப், 128 மெகாபைட் ராம், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். படிக்க, எழுத, இன்டர்நெட் பார்க்கக் கச்சிதம்.

அதே 2005 ஜூனில் கம்ப்யூட்டருக்கு வந்தது 'ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸ்'. குறைந்தபட்சம் கேட்டது: ஒரு கிகாஹெர்ட்ஸ் சிப், 256 மெகாபைட் ராம், 64 மெகாபைட் கிராஃபிக்ஸ் கார்டு. முந்தைய ஆட்டமான 'வைஸ் சிட்டி' 128 மெகாபைட் ராமில் ஓடியது. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே வைஸ் சிட்டியில் பைக் ஓட்டிப் பழகியதற்குக் காரணம் அதுதான். பட்ஜெட் கம்ப்யூட்டர் என்பது எப்போதுமே முந்தைய ஆட்டத்துக்குப் போதும், அடுத்த ஆட்டத்துக்குப் பத்தாது. அந்த இடைவெளியை நிரப்பியது ஒரு ராம் துண்டு, ஒரு கார்டு. பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டி வைத்திருந்தவனும் லட்ச ரூபாய்ப் பெட்டி வைத்திருந்தவனும் ஒரே ஆட்டத்தை ஆட முடிந்தது. வசதி இல்லாதவன் தவணை முறையில் கம்ப்யூட்டர் வாங்குகிற மாதிரி இது. இந்த வருஷம் ராம், அடுத்த தீபாவளிக்குக் கார்டு.

ஓட்டை இல்லாத பெட்டி வந்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்தோம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அதுதான் வாழ்க்கையின் முதல் கம்ப்யூட்டர். அதன் நன்மையை அளந்து சொல்லிவிட முடியாது. கேமும் ஆடினார்கள், ஆடாமல் இருப்பார்களா? ஆனால் மடிக்கணினியில் ராமையும் டிஸ்க்கையும் மாற்றலாம், கிராஃபிக்ஸைத் தொட முடியாது. அது போர்டோடு பிறந்தது. அதற்கு அப்புறம் மெல்லிசான மாடல்களில் ராமையும் போர்டில் பற்றவைத்தே அனுப்பும் பழக்கம் பரவியது. 2008-ல் வந்த முதல் மேக்புக் ஏரிலேயே அப்படித்தான். இளைக்க இளைக்க, கழற்ற முடியாமல் போனது.

சரி, இன்றைக்கு ஏழெட்டு வருஷப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. பட்டறைக்காரர் பாணியில் பார்ப்போம்.

பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதல் அடைப்பு அதுதான். எஸ்.எஸ்.டி. போட்டால் கம்ப்யூட்டர் எழுந்திருக்கிற வேகமே மாறிவிடும். ஆனால் ஆட்டத்துக்குள் படம் ஓடுகிற வேகத்தை அது பெரிதாகக் கூட்டாது. இரண்டாவது, ராம். நாலு ஜி.பி. இருந்தால் எட்டு, எட்டு இருந்தால் பதினாறு. முடிந்தால் ஒரே மாதிரி இரண்டு துண்டாக. இரண்டு டியூபில் தண்ணீர் பிடிப்பதற்குச் சமம். மூன்றாவது, கிராஃபிக்ஸ் கார்டு. நிஜமான மாற்றம் இதில்தான்.

இங்கேதான் எல்லோரும் ஒரு சாமானை மறந்துவிடுகிறார்கள். எஸ்.எம்.பி.எஸ்.! கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற டப்பா. மலிவான கேபினெட்டோடு இலவசமாக வருகிற டப்பாவின் மேல் 450 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும். உள்ளே எவ்வளவு என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அதை நம்பிப் பெரிய கார்டு போட்டால், கார்டோடு போர்டும் சேர்ந்து போகலாம். ஸ்லாட் வழியாக ஒரு கார்டுக்குக் கிடைப்பது 75 வாட். 2016-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. மாதிரி அந்த 75 வாட்டுக்குள்ளேயே ஓடும் கார்டுகள் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு வரப்பிரசாதமாக அமைந்ததற்கு அதுதான் காரணம். தனி ஒயர் தேவையில்லை, செருகினால் ஓடும். கண்ணாடிக் கட்டடக் கம்பெனிகள் சில வருஷத்துக்கு ஒரு தரம் கம்ப்யூட்டர்களை மொத்தமாகக் கழித்துக்கட்டும். அவை செகண்ட் ஹேண்ட் கடைகளுக்கு வரும். அதில் ஒன்றை வாங்கி, இந்த மாதிரி கார்டு ஒன்றைச் செருகி கேமுக்குத் தயார் செய்வது உலகம் முழுக்க நடக்கிற வித்தை.

சிப்பை மாற்ற முடியுமா என்பது போர்டைப் பொறுத்தது. 2016-ல் ஏ.எம்.டி. கொண்டுவந்த ஏ.எம்.4 என்ற சாக்கெட்டில், பழைய போர்டுகள் பலவும் ஒரு பயாஸ் அப்டேட்டோடு 2022-ல் வந்த சிப்பைக்கூட ஏற்றுக்கொண்டன. இன்டெல் பெரும்பாலும் இரண்டு தலைமுறைக்கு ஒரு முறை சாக்கெட்டை மாற்றிவிடும். வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி இது. மாற்றும்போது எல்லோரும் கேட்பார்கள்.

சாஃப்ட்வேரும் ஒரு கதவைச் சாத்தியிருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ பெட்டிகள் ஒரே நாளில் 'தகுதியற்றவை' ஆகின. லினக்ஸ் போடலாம். வால்வ் கம்பெனி 2018-ல் கொண்டுவந்த 'புரோட்டான்' மூலம் விண்டோஸ் கேம்கள் நிறையவே அதில் ஓடுகின்றன. ஆனால் உங்கள் பையன் ஆடுவது 'வேலரன்ட்' என்றால் ஓடாது. ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் அதன் காவலாளி லினக்ஸை உள்ளே விடுவதில்லை. எனவே செலவு செய்வதற்கு முன், எந்த ஆட்டம் என்று கேட்டுக்கொள்வது உத்தமம்.

கடைசியாக ஒரு வேடிக்கை. கொஞ்சம் கசப்பான வேடிக்கை.

வூடூ கார்டு செய்த 3டிஎஃப்எக்ஸ் நொடித்துப்போக, 2000 டிசம்பரில் அதன் சொத்துகளை வாங்க ஒப்பந்தம் போட்டது என்விடியா. கேம் பைத்தியங்கள் வருஷா வருஷம் கார்டு மாற்றிய காசில்தான் அந்தக் கம்பெனி வளர்ந்தது. 2012-ல் டொரன்டோ பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, ஜி.டி.எக்ஸ். 580 என்ற இரண்டு கேம் கார்டுகளைத் தன் பெற்றோர் வீட்டு அறையில் ஓடவிட்டு, படங்களைப் பார்த்து அடையாளம் சொல்லும் ஒரு நிரலைப் பயிற்றுவித்தார். போட்டியில் அது மற்ற எல்லோரையும் ரொம்பப் பின்னால் தள்ளியது. இன்றைய ஏ.ஐ. யுகம் அங்கே தொடங்கியது என்று சொல்பவர்கள் நிறையப் பேர். கூட இருந்த அவருடைய குரு ஜெஃப்ரி ஹின்டனுக்கு 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஏ.ஐ.க்கு அடங்காத பசி. கார்டு மட்டும் போதாது, நினைவகமும் மலைமலையாக வேண்டும். உலகத்துக்கு ராம் செய்து தருகிற பெரிய கம்பெனிகள் மூன்றுதான்: சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான். லாபம் அதிகம் என்பதால் மூவரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். 2025-ன் கடைசி மாதங்களில் சாதாரண ராம் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. டிசம்பரில் மைக்ரான், வீட்டுக்காரர்களுக்கு ராமும் எஸ்.எஸ்.டி.யும் விற்றுவந்த தன் 'க்ரூஷியல்' வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. வளர்த்த கடா மார்பில் பாய்ந்த கதைதான்!

ராம் விலை ஏறுவது புதுசு இல்லை. 1999 செப்டம்பரில் தைவானில் பூகம்பம் வந்தபோதும் ஏறியது. 2011-ல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கி, ஹார்ட் டிஸ்க் விலை எகிறியது. பூகம்பமும் வெள்ளமும் வடிந்துவிடும், விலையும் இறங்கியது. இந்தத் தடவை வந்திருப்பது இயற்கைச் சீற்றம் அல்ல, நம்மைவிடப் பெரிய வாடிக்கையாளர். அதனால்தான் உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ராமோடு இருக்கிற பழைய பெட்டியை அலட்சியமாகக் காயலான் கடைக்குப் போட்டுவிடக் கூடாது.

ஈக்காட்டுத்தாங்கலில் மெட்ரோ ஏறி, அடுத்த ஸ்டேஷனான ஆலந்தூரில் வண்டி மாறி, எல்.ஐ.சி.யிலோ அரசினர் தோட்டத்திலோ இறங்கினால் ரிச்சி தெரு நடக்கிற தூரம்தான். எந்தக் கடையில் போய் நின்றாலும் முதல் கேள்வி ஒன்றாகத்தான் இருக்கும்: "என்ன போர்டு சார் வெச்சிருக்கீங்க?" இதற்குப் பதில் தெரியாதவருக்கு ஒரு விலை, தெரிந்தவருக்கு ஒரு விலை. பதில் வீட்டிலேயே இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டில் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் போதும்.

முதலில் மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிவிட்டு!